திருப்பதி வண்டியை யார் ஓட்டுவது?

நெடும்பயணம் போகிறவர்கள் மெக்கானிக்கைத் தேடி வருவது பெரும்பாலும் கிளம்புவதற்கு முதல் நாள் மாலையில்தான். பெட்டி கட்டியாயிற்று, புளிசாதத்துக்குப் புளி ஊறிக்கொண்டிருக்கிறது, வண்டியை மட்டும் ‘சும்மா ஒரு தடவை பாத்துடுங்க’ என்பார்கள். அந்தச் ‘சும்மா’ எவ்வளவு கனமானது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வண்டி வைத்திருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கும். விழுப்புரம் தாண்டி, ரோட்டோரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிற லாரிகளைப் பார்த்தபடி நின்றவர்கள் நம்மில் நிறையப் பேர்.

காவிரிப் பாலம் இறங்கி, மாம்பழச்சாலை தாண்டி, திருவானைக்காவல் போகும் வழியில் ஒரு சந்துக்குள் எங்கள் ஷெட். எஞ்சின், பிரேக், டயர் எல்லாம் என் பொறுப்பு. பேட்டரி, லைட், ஒயரிங் எல்லாம் ஜாஃபர் பாய் பொறுப்பு. தூரம் போகிற வண்டி என்றால் ரேடியேட்டர் தண்ணீர், ஆயில், ஃபேன் பெல்ட், வைப்பர் ரப்பர், ஜாக்கி என்று ஒன்று விடாமல் பார்ப்போம். டயரில் காற்று பார்ப்பதானால் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் காற்று அதிகம் இருப்பதாகக் காட்டும். இதையெல்லாம் வருகிறவர்களிடம் பொறுமையாகச் சொல்வேன். கேட்பவர்கள் குறைவு.

முழுக்கக் கேட்டவர் சிவலிங்கம் ஐயா. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் தொட்டியம், இப்போது வீடு ஸ்ரீரங்கத்தில். சர்வீஸ் முழுக்க ஒரு விபத்து கிடையாது என்று அவரே சொல்வார், அவருடன் வேலை பார்த்தவர்களும் சொல்வார்கள். மகள் கவிதாவின் பையனுக்குத் திருப்பதியில் முதல் மொட்டை. மருமகன் வெளிநாட்டிலிருந்து நேராகச் சென்னையில் இறங்கித் திருப்பதிக்கு வந்துவிடுவார். கைக்குழந்தை, மகள், மனைவி மூவரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போகப்போவது தான்தான் என்பதில் ஐயாவுக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் எனக்குத்தான் வந்தது.

முறுக்கு டின்

மற்றவர்களைப் போல இல்லாமல், சிவலிங்கம் ஐயா பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வண்டியைக் கொண்டு வந்தார். அந்த நேரத்தில் ஷெட்டில் மணப்பாறை முறுக்கு வியாபாரி ஒருவருடைய கார் நின்றது. கல்யாண ஆர்டருக்காக ஓசூர் போகிறார். ஸ்டெப்னியில் காற்று பார்க்கலாம் என்று டிக்கியைத் திறந்தால், அடுக்கடுக்காக முறுக்கு டின். ஸ்டெப்னி எல்லாவற்றுக்கும் அடியில். ஒவ்வொரு டின்னாக இறக்கி, கடைசியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். அழுத்தினால் விரல் உள்ளே போனது. துளிக் காற்று இல்லை.

“வழியில பங்சர் ஆனா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன். அவர் கொஞ்சம்கூடக் கவலைப்படவில்லை. சிவலிங்கம் ஐயா பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். வியாபாரி அவருக்கும் சேர்த்துத்தான் பதில் சொன்னார்: “ஆள் வர்ற வரைக்கும் பசிக்காதுல்ல?”

ஒற்றைச் செருப்பு

ஐயா தன் வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரியாக, நான் பார்க்கும் அதே வரிசையில். சாவியைக் கொடுத்துவிட்டு, “டீ குடிச்சிட்டு வரேன் தம்பி” என்று சந்து முனைக்குப் போனார். நான் வண்டியை, அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்த உட்கார்ந்தேன். பிரேக்கில் கால் வைத்தால் பாதியில் நின்றது. குனிந்து பார்த்தேன். பெடலுக்கு அடியில் ஒரு வலது கால் செருப்பு.

யாருடையது என்று யோசிக்க அவசியம் இருக்கவில்லை. எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். பங்குனி வெயிலில் தார் ரோடு பளபளத்தது. ஐயா கண்ணாடி டம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். இடது காலில் செருப்பு, வலது கால் வெறுங்காலாகத் தாரின் மேல். கால் மாற்றி நிற்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. நான் செருப்பைக் கீழே போட்டதும்தான் குனிந்து பார்த்தார். “அட, விட்டுட்டு வந்துட்டேனா” என்று சிரித்தபடி மாட்டிக்கொண்டார். மாட்டும்போதும் கண்ணால் பார்த்துத்தான் விரலை உள்ளே நுழைத்தார்.

திரும்பி வந்து ஜாஃபர் பாயிடம் சொன்னேன். பாய்க்குச் சர்க்கரை உண்டு. அவருக்கு அதெல்லாம் தெரியும். சுடுகிறது, குத்துகிறது, வழுக்குகிறது என்று கால் தலைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்க்கரை முற்றினால் அந்தச் சேதி வழியிலேயே நின்றுவிடும். கால் இருக்கும், நடக்கும், ஆனால் பேசாது. பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “செருப்பு பெடலுக்கு அடியில போனதை விடு மணி. வெறுங்கால் தார்ல நிக்குது, அது அவருக்குத் தெரியலையே. இந்தக் காலை வெச்சுக்கிட்டா அவர் பிரேக்கைத் தேடப்போறாரு?”

தேய்ந்த பிளேட்

பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்று ஐயா சொல்லியிருந்தார். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தேன். கிளட்ச் பிளேட் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நான் மாற்றிக் கொடுத்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு பிளேட் அவ்வளவு சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கியர் மாற்றியபின் இடது காலைக் கிளட்ச்சிலிருந்து எடுக்காமல், அதன் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுவது. லேசாக வைத்தாலும் போதும், உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். புதிதாக ஓட்டக் கற்றவர்கள் செய்வது அது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? தேய்ந்த பிளேட்டை அவர் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். அவருக்கு நான் விளக்க ஒன்றும் இல்லை. நீண்ட நேரம் கையிலேயே வைத்திருந்தார். “வண்டியை வேற யாராவது எடுத்தாங்களாய்யா?” என்று கேட்டேன். அவருக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்கத்தான் கேட்டேன். அவர் அந்த வழியில் போகவில்லை. பிளேட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “கிளட்ச்சுல கால் வெச்சுக்கிட்டு ஓட்டுறவனை நான் டிரைவர்னே சொல்ல மாட்டேன் தம்பி. இந்த பிளேட்டு டூப்ளிகேட்டு. நல்லதா பாத்துப் போடுங்க.”

பார்ட்ஸ் வரவில்லை

மறுநாள் அவருடைய மனைவி பானுமதி அம்மா தனியாக ஷெட்டுக்கு வந்தார். கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

“போன மாசம் கால்ல வெந்நீர் கொட்டிக்கிட்டாருங்க. கொப்பளம் வந்து உடைஞ்சு, தரையெல்லாம் ஈரமா இருக்கேன்னு நான் பாத்துச் சொன்ன அப்புறம்தான் அவருக்கே தெரியும். டாக்டர் வண்டியைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டாரு. இவரு வெளியில வந்து, ‘டாக்டருக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்’ங்கிறாரு. மக ஓட்டுவா, டவுனுக்குள்ள நல்லாவே ஓட்டுறா. இவர் கூட வந்தா ஸ்டியரிங்கையே தர மாட்டாரு. வாடகை வண்டி வெக்கலாம்னா, கண்டவன் கையில பேரனைக் கொடுக்க மாட்டேங்கிறாரு. நீங்க வண்டி ரெடியாகலைன்னு மட்டும் சொல்லிடுங்க. குழந்தையை நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க.”

எங்கள் தொழிலில் இருப்பவர்களை ஊர் எப்படிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியும். ‘நாளைக்கு ரெடி’ என்று சொல்லி, நாளைக்கு வந்தால் ‘பார்ட்ஸ் வரலை’ என்போம் என்பார்கள். எங்கள் ஷெட்டுக்கு அந்தப் பெயர் வரக் கூடாது என்று நானும் பாயும் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறோம். அன்று மாலை ஐயா வந்தபோது வண்டி எல்லா வேலையும் முடிந்து பளிச்சென்று நின்றது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, “ஒரு பார்ட் மெட்ராஸ்லருந்து வரணும்யா, இந்த வாரம் ஆகாது போலிருக்கு” என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. ஐயா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். அப்போதுதான் ஓட்டிப் பார்த்து நிறுத்தியிருந்தேன், சூடு இருந்தது. கோபப்படவில்லை. என்னைத்தான் பார்த்தார்: “டெப்போவுல இந்தப் பேச்சை சர்வீஸ் முழுக்கக் கேட்டிருக்கேன் தம்பி. அங்க சொல்றவன் உங்களைவிட நல்லாச் சொல்வான். காலையில வந்து எடுத்துக்கறேன்.”

நான்கு எலுமிச்சம்பழம்

தூரப் பயணம் போகிற வண்டியை வெளியே விடும்போது நான்கு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சூடம் காட்டி, வண்டியைச் சொந்தக்காரரே எடுத்து, பழங்களை நசுக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்து நிறுத்த வேண்டும். ஓரடிதான். வேகம் வேண்டாம், கிளட்ச்சை மெதுவாக விட்டு உடனே பிரேக் போட்டால் போதும். எலுமிச்சம்பழம் வாங்கி வருவது எப்போதும் ஜாஃபர் பாய்தான். எங்கள் கடையில் அப்படி ஆகிவிட்டது.

காலையில் ஐயா, பானுமதி அம்மா, கவிதா, கவிதாவின் இடுப்பில் குழந்தை என்று எல்லாரும் வந்தார்கள். ஷெட்டுக்கு எதிரே சுவரோரமாகப் பழைய டயர்களை அடுக்கி வைத்திருப்போம். வண்டி அதைப் பார்த்து நின்றது. நடுவில் யாரும் வேண்டாம் என்று நான் எல்லாரையும் பக்கவாட்டில் தள்ளி நிறுத்தினேன். பாய் அதற்கு முன்பே கவிதாவைக் குழந்தையோடு ஷெட்டுக்குள் போகச் சொல்லிவிட்டிருந்தார். ஐயா ஏறி உட்கார்ந்தார். சீட்டை இழுத்துச் சரிசெய்தார், கண்ணாடியைத் திருப்பினார், பெல்ட் போட்டார். ஒவ்வொன்றும் முறையாக. ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டார். பழங்கள் நசுங்கின. “போதும்யா” என்றேன்.

வண்டி நிற்கவில்லை. வேகமும் எடுக்கவில்லை. நடக்கிற மாதிரி நகர்ந்துகொண்டே இருந்தது. நான் ஜன்னலோரமாகக் கூடவே நடந்தேன். உள்ளே அவர் முகம் பிரேக் போடுகிறவருடைய முகம். பல்லைக் கடித்திருந்தார், தொடை இறுகியிருந்தது. பாதம் பிரேக் பெடலுக்குப் பக்கத்தில், வெறும் தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. வண்டி மெதுவாகப் போய் டயர் அடுக்கில் மோதி, இரண்டு டயர் உருண்டு விழ, ஒரு குலுக்கலோடு எஞ்சின் அணைந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. வண்டியில் கீறல்கூட இல்லை. பானுமதி அம்மா சூடத் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். கவிதா ஷெட் வாசலுக்கு வந்து பார்த்தாள். ஐயா இறங்காமல் குனிந்து பெடல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: “அமுக்கிட்டுத்தான் இருந்தேன். கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது.”

சமயபுரம் வரைக்கும்

நெடும்பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்வது எளிது. அது மறுத்துப் பேசாது. அன்று மாலை கவிதா என்னிடம் வந்து, நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக ஆசைப்படுவதாகச் சொன்னாள். “அப்பாவும் வரேன்னு சொல்லிட்டாரு அண்ணா. யாரும் கேக்கலை, அவராவே சொன்னாரு” என்றாள். மறுநாள் சமயபுரம் டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவது என்று முடிவானது. நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். முன்னால் இடது பக்கம் ஐயா. அந்தப் பக்கக் கதவை எந்தக் கையால் திறப்பது என்றே ஒரு கணம் தடுமாறினார்.

கொள்ளிடம் பாலம் ஏறினோம். மணல் மேடுகளுக்கு நடுவே தண்ணீர் ஒரு கோடாகக் கிடந்தது. கவிதா கியரைக் கொஞ்சம் தாமதமாக மாற்றினாள். எனக்கே வாய் துடித்தது. ஐயா நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டோல்கேட் தாண்டி ஒரு லாரியை முந்தும்போது, அவள் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, தயங்கி, திரும்பப் பின்வாங்கினாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது. ஐயா அந்த பஸ்ஸையே பார்த்தார், மகளைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, டாக்டர் அறை வாசலில் காத்திருக்கிறவரைப் போல உட்கார்ந்திருந்தார். போகும்போதும் வரும்போதும் ஒரு சொல் இல்லை.

ஷெட்டில் இறங்கியதும் அவர் நேராகத் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார். கவிதா ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள். நன்றாக ஓட்டினாய், லாரியிடம் பொறுமையாகப் பின்வாங்கியதுதான் சரி என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தந்தை இருந்த திசையைப் பார்த்துச் சொன்னாள்: “திட்டுவாருன்னு காலையிலருந்து மனசைத் தயார் பண்ணி வெச்சிருந்தேன் அண்ணா. திட்டாம வந்துட்டாரே. அதுக்கு நான் தயாராகலை.”

விடியற்காலைக் காற்று

கிளம்புகிற நாள் காலை, டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றுப் பார்க்க வந்தார்கள். ஐயா இறங்கி என்னுடன் நான்கு டயரையும் சுற்றி வந்தார். ஸ்டெப்னியையும் பார்க்கச் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே டிக்கியைத் திறந்திருந்தேன். கவிதா ஓட்டுநர் இருக்கையில். பானுமதி அம்மா முன்னால் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார், மடியில் சாப்பாட்டுப் பை. பின்னால் விரித்த துணியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில்தான் ஐயாவுக்கு இடம்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. முன்னால் உட்கார்ந்தால் வழி சொல்லலாமே என்றேன். பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, திருவண்ணாமலை, வேலூர், சித்தூர் என்று அந்த ரோட்டில் எந்த வளைவில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாததா? ஐயா பின்கதவைத் திறந்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தையின் தலை ஆடாமல் இருக்க உள்ளங்கையை அண்டக் கொடுத்தார். பிறகுதான் எனக்குப் பதில் சொன்னார்: “முன்னாடி உக்காந்தா நான் ஓட்டுவேன் தம்பி, அவ ஓட்ட மாட்டா. இங்க உக்காந்தா இவனைப் புடிச்சுக்கணும், கை சும்மா இருக்காது.”

திரும்பி வந்த பிறகு

நான்காம் நாள் மாலை கவிதாதான் வண்டியைச் சந்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டோவுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருக்கிற அந்த இடுக்கில் ஒடித்துத் திருப்பியதைப் பார்த்ததும், பயணம் எப்படிப் போயிற்று என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. குழந்தை சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு எல்லாரையும் முறைத்தது. ஐயாவும் மொட்டை போட்டிருந்தார். ஜாஃபர் பாய்க்கும் எனக்கும் தனித்தனியாக லட்டு கொடுத்தார்.

வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டதா, சூடு ஏறியதா என்று கேட்டேன். எதுவும் இல்லை என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, வலது பாதத்தை இடது தொடைமேல் தூக்கிப் போட்டு, அடிப்பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். முள், கல், காயம் ஏதாவது இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லி டாக்டர் சொன்னாராம். “பின்னாடி உக்காந்து போனது எப்படிங்கய்யா இருந்துச்சு?” என்று ஜாஃபர் பாய்தான் கேட்டார். நான் கேட்டிருக்க மாட்டேன். ஐயா காலை இறக்கி, குனிந்து பார்த்து, செருப்புக்குள் விட்டார்: “அந்த ரோட்டுல எத்தனையோ தடவை போயிருக்கேன் பாய், ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னு இப்பதான் பாத்தேன். மலை, ஏரி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஓட்டுற மாதிரி இல்லை.”

எத்தனையோ வண்டிகளில் எத்தனையோ பாகங்களைக் கழற்றி மாற்றியிருக்கிறேன். கழற்றுவதற்கு மிகவும் கடினமான பாகம் ஓட்டுநர்தான், அதற்கு இன்னும் யாரும் ஸ்பேனர் செய்யவில்லை.